மேற்குப் புறநகரின் காற்றும் குடிமக்கள் குழுக்களுக்கான நிதியும்

காற்றைச் சீராக்க முனையும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு முதலில் தேவைப்படுவது இயந்திரம் அல்ல. அளந்ததை நாள்தோறும் எழுதிவைக்கவும், அலுவலக நேரத்தில் மனுவோடு போய்வரவும், பழுதான கருவியை மாற்றவும் ஓர் ஆளும், அந்த ஆளுக்கு மாதந்தோறும் கொடுக்கக் கொஞ்சம் பணமும் தேவை. இந்தியாவில் 2019க்குப் பிறகு காற்றுக்கென ஒதுக்கப்பட்ட தொகை ஆயிரக்கணக்கான கோடிகள். அந்தத் தொகையில் இந்தச் சிறு செலவுக்கு இடமில்லை. சென்னையின் மேற்கிலுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் காற்றுக்கான நிதி எங்கிருந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது, குழுக்களை ஏன் எட்டுவதில்லை என்பதைப் பார்க்க, முதலில் அந்த வட்டாரத்தின் காற்றையே பார்க்க வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் உருவானது. வார்ப்படம், உலோகவெட்டு, வெப்பப் பதனம், பவுடர் கோட்டிங், ரப்பர், மின்முலாம் என எல்லாவகைப் பட்டறைகளும் அங்கே உண்டு. பெரும்பாலானவை சிறு, குறு நிறுவனங்கள். பேட்டை உருவானபோது சுற்றிலும் வயலும் ஏரியுமாக இருந்தது. இன்று மண்ணூர்ப்பேட்டை, பட்டரவாக்கம், கொரட்டூர், மேனாம்பேடு ஆகிய குடியிருப்புகள் பட்டறைகளின் மதில் சுவரை ஒட்டியே நிற்கின்றன. 2011 கணக்கெடுப்பில் அம்பத்தூர் நகராட்சியின் மக்கள்தொகை 4 லட்சத்து 66 ஆயிரம். அதே ஆண்டு அது சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு ஏழாவது மண்டலம் ஆனது. மேற்கே ஆவடியில் 1960களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும் அதைச் சார்ந்த படைத்துறை நிறுவனங்களும் உள்ளன. நகராட்சியாக இருந்த ஆவடி 2019இல் மாநகராட்சியானது. தெற்கே பூவிருந்தவல்லி நகராட்சி. பெங்களூரு நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் அதன் அருகே சந்திக்கின்றன. கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி வரை 26 கிலோமீட்டர் நீளும் மெட்ரோ தடத்தின் கட்டுமானம் அந்தச் சாலையைப் பல ஆண்டுகள் தோண்டிப் போட்டிருந்தது.

ஆக, இந்த வட்டாரத்தின் காற்றில் கலப்பது ஒரே வகை மாசு அல்ல. லாரிப் புகை, கட்டுமானத் தூசு, பட்டறைப் புகைபோக்கி, மின்வெட்டு நேரத்து டீசல் ஜெனரேட்டர், தெருமுனையில் கொளுத்தப்படும் குப்பை எல்லாம் சேர்கின்றன. ஜனவரியில் போகிப் பண்டிகைப் புகையும் சேர்ந்துகொள்ளும். 2018 போகியன்று மூட்டத்தால் சென்னை விமானநிலையத்தில் விமானங்களே தடைபட்டன. ஆனால் போகி ஒரு நாள். குப்பை எரிப்பு ஆண்டு முழுதும் நடக்கிறது. சி.டி.எச். சாலை எனப்படும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களில் மாலை ஆறரை மணிக்கு மேல் பால் கவர், தேங்காய் மட்டை, தெர்மாகோல், காய்ந்த வேப்பஞ்சருகு எல்லாம் ஒரே குவியலாகப் புகைவதை யாரும் பார்க்கலாம். தீ பெரிதாக எழுவதில்லை. கனன்றுகொண்டே இருக்கிறது. கொடியில் காயும் துணியில் அந்த வாடை மறுநாள் வரை தங்குகிறது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் வசூலிக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. எரிப்பவர் யார் என்று காட்ட ஆளில்லாத தெருவில் அந்த உத்தரவு தாளோடு நின்றுவிடுகிறது.

எந்த மாசு எவ்வளவு என்பதைப் பொறுத்தே பணம் எங்கே போக வேண்டும் என்பது முடிவாகும். காற்றில் மிதக்கும் துகளை இரு அளவுகளில் கணக்கிடுகிறார்கள். 10 மைக்ரான் வரையிலானது பி.எம்.10, 2.5 மைக்ரான் வரையிலானது பி.எம்.2.5. இரண்டாவது, தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அது நுரையீரலின் ஆழத்துக்கும், அங்கிருந்து ரத்தத்துக்கும் போகக்கூடியது. 2009இல் இந்தியா வகுத்த தரப்படி பி.எம்.2.5 ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வழிகாட்டு அளவு 5. சாலைத் தூசு பெரும்பாலும் பருமனான துகள், கூட்டினால் குறையும். எரிவதிலிருந்து வருவது நுண்துகள். எந்தத் துடைப்பத்துக்கும் அது அகப்படாது.

தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கியது. பின்னர் அதன் வரம்பு 131 நகரங்களாக விரிந்தது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி அந்தப் பட்டியலில் உள்ளன. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரத் தொகுதிகளுக்குப் பணம் 15ஆவது நிதிக்குழு வழியாக வந்தது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு அந்தக் குழு பரிந்துரைத்த 38,196 கோடி ரூபாயில் 12,139 கோடி காற்றுத் தரத்துக்கு உரியது. துகள் அளவு குறைந்தால்தான் அடுத்த தவணை வரும் என்பது நிபந்தனை. இந்த நல்கை மாநகராட்சி எல்லையைப் பார்த்து அல்லாமல், மாநகரும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்த நகரத் தொகுதியை ஓர் அலகாகக் கொண்டே வகுக்கப்பட்டது. ஆவடியும் பூவிருந்தவல்லியும் 2011 கணக்கெடுப்பின் சென்னை நகரத் தொகுதிக்குள் அடங்குகின்றன. தொகுதி முழுவதற்கும் ஓர் உள்ளாட்சியே பொறுப்பாளராக இருக்கலாம் என்று குழு சொன்னது. ஆவடிக்காரரின் மூச்சும் சேர்ந்துதான் தொகுதியின் பங்கு கணக்கிடப்பட்டது. அந்தப் பங்கில் தம் தெருவுக்கு எவ்வளவு என்று கேட்க அவருக்கு எளிய வழி எதுவும் வகுக்கப்படவில்லை.

அளவிடும் நிலையங்களின் இடம் இந்தக் குறையை இன்னும் ஆழப்படுத்துகிறது. 2020களின் தொடக்கத்தில் சென்னையில் இயங்கிய தொடர் கண்காணிப்பு நிலையங்கள் மணலி, கொடுங்கையூர், ராயபுரம், ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி, அரும்பாக்கம் ஆகிய இடங்களில் அமைந்தன. மேற்குப் பக்கத்துக்கு ஓரளவு அருகில் இருப்பது அரும்பாக்கம். அங்கே பதிவாகும் எண் பட்டரவாக்கத்தின் வார்ப்படப் புகையையோ பூவிருந்தவல்லி லாரி வரிசையையோ காட்டாது. இத்தகைய நிலையம் ஒன்றை நிறுவ ஒரு கோடி ரூபாய் அளவில் ஆகும் என்பதால் தெருவுக்குத் தெரு வைக்க முடியாது என்பது உண்மைதான். எண் இல்லாத இடத்துக்குத் திட்டமும் இல்லை, பணமும் இல்லை என்பது அதன் நேரடி விளைவு.

வந்த பணம் எதில் செலவானது என்பதையும் பார்க்க வேண்டும். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 131 நகரங்களுக்கு விடுவிக்கப்பட்ட தொகை சுமார் 10,566 கோடி. செலவானதில் 64 விழுக்காடு சாலைத் தூசுக்கே போனது. உயிர்ப்பொருள் எரிப்பைத் தடுக்க 14.5 விழுக்காடு, வாகனப் புகைக்கு 12.6 விழுக்காடு, தொழிற்சாலை மாசுக்கு 0.61 விழுக்காடு. காரணம் எளிது. திட்டத்தின் வெற்றி பி.எம்.10 அளவை வைத்தே மதிப்பிடப்பட்டது. பி.எம்.10ஐக் குறைக்க எளிய வழி சாலைக்குத் தளம் போடுவதும், கூட்டும் இயந்திரம் வாங்குவதும். இரண்டுக்கும் ஒப்பந்தப்புள்ளி கோரலாம், ரசீது காட்டலாம், தணிக்கை கேட்டால் கோப்பை எடுத்து நீட்டலாம். பட்டறை உரிமையாளரோடு பேசி உலையை மாற்ற வைப்பதற்கும், தூய்மைப் பணியாளர் சருகைக் கொளுத்தாமலிருக்க மாற்று ஏற்பாடு செய்வதற்கும் ஒப்பந்தப்புள்ளி கிடையாது. குடிமக்கள் குழுக்கள் செய்யக்கூடிய வேலை சரியாக இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அந்த வேலைக்குப் பணமில்லாமல் போனதற்கு எந்த அதிகாரியின் மனமும் காரணமல்ல. தேர்ந்தெடுத்த அளவுகோலே காரணம். நுண்துகளை அளவுகோலாக்கியிருந்தால் செலவுப் பட்டியல் வேறாக இருந்திருக்கும்.

மாநில அரசின் திட்டங்களில் பொதுமக்கள் பங்களிப்பை அடிப்படையாகக் கொண்டது நமக்கு நாமே திட்டம். 1997இல் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021இல் நகர்ப்புறங்களுக்கு மீண்டும் வந்தது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். மண் தெருவுக்குத் தளமிடவோ, பூங்கா அமைக்கவோ, மரம் நட்டு வேலியிடவோ விரும்பும் நலச் சங்கத்துக்கு இது நல்ல வழி. ஆனால் சொத்தாகக் கண்ணில் தெரியும் பணிக்கே இது பொருந்தும். சம்பளத்துக்கோ அளவீட்டுக்கோ உதவாது. முதல் பங்கைத் திரட்ட முடிந்த வசதியான குடியிருப்புகளுக்கே இது எட்டுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. தொழிற்பேட்டை மதிலை ஒட்டி ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளர் குடும்பங்களே அதிகப் புகையைச் சுவாசிக்கின்றன. அவர்களுக்குப் பதிவு பெற்ற சங்கமே பெரும்பாலும் இருப்பதில்லை. பள்ளிகளில் இயங்கும் தேசியப் பசுமைப் படைக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் தரப்பட்டுவந்தது. தொகை சிறிது. ஆனால் ஓர் ஆசிரியரும் இருபது மாணவர்களும் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பதிவெடுக்கப் பழகினால், அந்தத் தொகைக்கு அதைவிடப் பயனுள்ள செலவு இருக்க முடியாது.

அடுத்த ஊற்று, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சட்டத்தின் ஏழாம் அட்டவணை மண், காற்று, நீர் ஆகியவற்றின் தரத்தைக் காப்பதைப் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 135ஆம் பிரிவு சொல்கிறது. படித்தவுடன் அம்பத்தூருக்கென்றே எழுதியதுபோலத் தோன்றும். நடைமுறையில் இரண்டு தடைகள். தொழிற்பேட்டையின் பெரும்பாலான பட்டறைகள் இந்த வரம்புகளை எட்டாதவை. புகை அவர்களுடையது, கடமை அவர்களுக்கு இல்லை. வரம்புக்குள் வருபவை பாடி, அம்பத்தூர் பகுதியின் பெரிய ஆலைகளும் தகவல்தொழில்நுட்ப வளாகங்களில் இயங்கும் பெரு நிறுவனங்களும்தான்.

இரண்டாவது தடை பணம் பெறுபவரின் தகுதி. 2021 ஏப்ரல் முதல், சமூகப் பொறுப்பு நிதியைப் பெறும் அமைப்பு மத்திய அரசின் நிறுவன விவகார அமைச்சகத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். 12ஏ, 80ஜி என அறியப்படும் வருமானவரிப் பதிவுகள் இருக்க வேண்டும். நிறுவனமோ அரசோ தொடங்காத அமைப்பு என்றால் மூன்று ஆண்டு செயல்பாட்டையும் காட்ட வேண்டும். நலச் சங்கம் பொதுவாகத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ், குறைந்தது ஏழு பேரோடு பதிவாகிறது. அதன் நோக்கம் உறுப்பினர் நலம். 80ஜியோ பொதுத் தொண்டைக் கேட்கிறது. ‘எங்கள் நகர்’ என்று சட்டவிதியில் எழுதியிருக்கும் ஒரு வரியே விண்ணப்பத்தை நிறுத்திவிடப் போதும். இதைச் சரிசெய்ய விதியைத் திருத்திப் பொதுக்குழுவில் நிறைவேற்றி மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். ஆண்டுக் கணக்கை ஆடிட்டர் கையொப்பத்தோடு தவறாமல் தாக்கல் செய்ய வேண்டும். செயலாளர் மாறும்போது தீர்மானப் புத்தகமும் ரசீதுக் கட்டும் யார் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன என்று தெரியாமல் போவது சங்கங்களில் சாதாரணம். ஐந்து ஆண்டுக் கணக்கு நிலுவையில் இருக்கும் சங்கத்துக்கு எந்த நிறுவனமும் பணம் தராது. நல்கையின் முதல் தவணையைக் கணக்கைச் சீர்படுத்தவே ஒதுக்கும் கொடையாளர்கள் இருந்தால் பல குழுக்கள் பிழைக்கும். அப்படி ஒதுக்குபவர்கள் அரிது.

வெளிநாட்டு நிதியின் வாசல் இதைவிடக் குறுகலானது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தம், பதிவு பெற்ற ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பகிர்வதை முற்றிலும் தடுத்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆனது. அதற்கு முன், பெரிய அமைப்பு ஒன்று பணத்தைப் பெற்று ஊர்க் குழுக்களுக்குச் சிறு தொகைகளாகப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. அந்த வழி அடைபட்டது. புதிதாகப் பதிவு கேட்கும் அமைப்பு மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும் என்ற விதி, தெரு அளவிலான எந்தக் குழுவாலும் தாண்ட முடியாதது. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறுநல்கைத் திட்டம் 1992 முதல் பல நாடுகளில் இயங்குகிறது. 50,000 டாலர் வரை அளித்துவந்தது. ஆனால் அதன் கவனம் பல்லுயிர், காலநிலை, நிலச்சீர்கேடு போன்றவற்றில்தான். நகர்ப்புறத் தெருக்காற்று அதில் ஓரத்தில்தான் இடம்பெறுகிறது.

மற்ற நாடுகளில் இந்த நிதி எப்படி இயங்குகிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2022 நவம்பரில் 37 மாநிலங்களின் 132 காற்றளவீட்டுத் திட்டங்களுக்கு 5 கோடியே 34 லட்சம் டாலர் அறிவித்தது. குடிமக்கள் குழுக்களாலும் நேரடியாக விண்ணப்பிக்க முடிந்தது. ஆட்சி மாறியபின், 2025இல், சுற்றுச்சூழல் நீதி சார்ந்த நல்கைகள் பெருமளவில் ரத்தாயின. ஓர் அரசின் ஒற்றை அறிவிப்பை மட்டும் நம்பிய குழுக்கள் ஆளை வேலைக்கு வைத்தபின் கைவிடப்பட்டன. லண்டனில் வேறு முறை. ப்ரீத் லண்டன் திட்டத்தில், ப்ளூம்பெர்க் அறக்கட்டளையின் உதவியோடு, சமூகக் குழுக்களுக்கு உணரிக் கருவிகள் இலவசமாக வழங்கப்பட்டன. பராமரிப்பும் தரவுச் சரிபார்ப்பும் இம்பீரியல் கல்லூரியின் பொறுப்பு. குழுவின் வேலை இடத்தைத் தேர்வதும் எண்ணைப் பயன்படுத்துவதும்தான். கருவியோடு பராமரிப்பையும் சேர்த்துக் கொடுத்த இந்த ஏற்பாடுதான் சென்னைக்குப் பொருந்தும்.

ஏனெனில் சென்னையில் கருவிக்கு ஆயுள் குறைவு. விலை குறைந்த உணரிப் பெட்டிக்குள் சிறு விசிறி ஒன்று காற்றை இழுக்கும். லேசர் கதிர் துகளில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு கருவி அதை எண்ணும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டிய பெட்டியின் வாயில் ஒரு மாதத்தில் சிலந்தி வலை பின்னிவிடும். இரண்டு கோடையில் விசிறி இறுகும். மழைக்காலத்து ஈரத்தில் துகள்கள் நீரேறிப் பருப்பதால் கருவி உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். ஐப்பசி அடைமழையில் தரமான கருவியின் அருகே வைத்து ஒப்பிட்டுத் திருத்தாத எண்ணை எந்த அதிகாரியும் ஒரு கேள்வியில் தள்ளிவிடலாம். இத்தகைய கருவியின் அளவீடு சட்டப்படி சான்றாகாது. ஆய்வுக்கு வாருங்கள் என்று கேட்கும் காரணமாகவே பயன்படும். சென்னை ஐ.ஐ.டி.யின் ‘காற்று’ ஆய்வுத் திட்டம் ஓடும் வாகனங்களில் விலை குறைந்த உணரிகளைப் பொருத்தி நகரின் மாசை அளக்கும் முறையை உருவாக்கியது. இதுபோன்ற ஆய்வகத்தோடு ஒப்பீட்டுக்கான உடன்பாடு இல்லாமல் பத்துப் பெட்டி வாங்கித் தரும் நல்கை, இரண்டாம் ஆண்டில் பத்துப் பழைய பெட்டிகளையே மிச்சம் வைக்கும்.

தமிழ்நாட்டில் மக்களே காற்றை அளந்த முன்னோடி முயற்சி கடலூரில் நடந்தது. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்மக்கள் 2004இல் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். அவர்களின் கருவி ஒரு பிளாஸ்டிக் வாளி. உள்ளே தனிவகைப் பை. வாளிக்குள் வெற்றிடம் ஏற்படுத்தினால் வெளிக்காற்று சில நிமிடத்தில் பையில் நிறையும். அந்தப் பை வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போனது. வாளி செய்ய ஆகும் செலவு அற்பம். ஒவ்வொரு மாதிரியையும் சோதிக்க ஆகும் கட்டணமே பெரிது. அந்தக் கட்டணத்தை ஏற்கத் துணை அமைப்புகள் இருந்ததால்தான் ‘நாற்றம்’ என்ற புகார் வேதிப்பொருள்களின் பெயர்ப் பட்டியலாக மாறியது. வாளியைவிட அந்த ஊர்களில் நடந்த இன்னொரு வேலை முக்கியமானது. எந்த நேரம், எந்தத் திசைக் காற்று, என்ன வாடை, யாருக்குக் கண் எரிந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. பழக்கமும், அதைச் செய்யும் ஆளுக்குத் தரும் மதிப்பூதியமும் போதும்.

அம்பத்தூரின் பட்டரவாக்கத்துக்கோ ஆவடியின் சேக்காட்டுக்கோ பூவிருந்தவல்லியின் கரையான்சாவடிக்கோ இதே வழி பொருந்தும். அம்பத்தூரிலேயே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் இருப்பது இந்த வட்டாரத்தின் வசதி. நேரமும் திசையும் குறித்த ஆறு மாதப் பதிவோடு அங்கே போகும் குழுவையும், ‘புகை தாங்க முடியவில்லை’ என்ற ஒற்றை வரி மனுவையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022 நவம்பர் 1 முதல் கூடும் பகுதி சபைகள் இன்னொரு வாசல். காற்றுக்கான நிதியின் செயல்திட்டத்தில் தம் வார்டின் எரிப்பிடங்களையும் மண் சாலைகளையும் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவர அங்கே இடமுண்டு. பணம் உள்ளாட்சியிடமே இருக்கட்டும். எங்கே செலவாக வேண்டும் என்று சொல்லும் உரிமை தெருவுக்கு வந்தால் நேரடி நல்கையின் தேவையே பாதியாகும்.

மீதிப் பாதிக்கு, மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறுநல்கை தேவை. அதில் ஓர் ஒருங்கிணைப்பாளரின் சம்பளம், மாதிரிச் சோதனை, கருவி ஒப்பீடு, ஆடிட்டர் கட்டணம் நான்கும் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். பெரிய தொகையை நிதியாண்டின் பதினோராம் மாதத்தில் கொடுத்து மார்ச் 31க்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பது காற்றுக்குப் பொருந்தாது. கோடைக் காற்றும் மார்கழிக் காற்றும் வேறு. இரண்டு முழு ஆண்டு அளக்காமல் எதையும் ஒப்பிட முடியாது.

நல்கை உடன்படிக்கையில் கடைசியாக ஒரு விதி உண்டு; பல குழுக்கள் அதைப் படிக்காமலே கையொப்பமிடுகின்றன. அது தரவு யாருக்குச் சொந்தம் என்பது. தொழிற்பேட்டை வட்டாரத்தில் பணம் தரும் நிறுவனத்தின் புகைபோக்கியே அளவீட்டு வட்டத்துக்குள் இருக்கக்கூடும். வெளியீட்டுக்கு முன் கொடையாளரின் ஒப்புதல் வேண்டும் என்ற வரி இருந்தால், வேண்டாத எண் வெளிவராது. அளவீடு முழுவதும் பதிவான அன்றே பொதுவில் வைக்கப்படும், கொடையாளர் பெயரும் தொகையும் அதனருகில் எழுதப்படும், தன் வளாகத்தைக் குறித்த முடிவுகளில் கொடையாளருக்குத் தலையீடு இல்லை என்ற மூன்றையும் குழுவே முதலில் எழுதிக் கொண்டுபோய் நீட்ட வேண்டும். அதை ஏற்காத பணத்தை வாங்காமல் திரும்பிவந்து, நோட்டுப் புத்தகத்தோடு வேலையைத் தொடர்வது குழுவுக்கும் தெருவுக்கும் நல்லது.